மக்ரூனின் நகங்களும் எங்கள் தெருவின் சத்தமும்

ஆடிக்காற்று கூரைத் தகரங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டும் ஒரு பொட்டுச் சத்தம்கூடக் கேட்காத ஆடி மாதம் ஒன்று எங்கள் உப்புக்கிடங்குத் தெருவுக்கு வந்துபோனது. அதைப் பற்றி இன்றைக்கு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கர்வாலோ அண்ணன் சொல்லும் கதையில் எல்லாவற்றையும் கர்வாலோ அண்ணனே செய்கிறார். மாவு மில் சண்முகக்கனி சொல்லும் கதையில் நாய் பேசுகிறது. நாய் பேசவில்லை. கர்வாலோ அண்ணன் ஒன்றும் செய்யவில்லை. செய்தவள் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

எங்கள் தெரு ஓடைப் பாலத்தில் தொடங்கி ஆரோக்கியநாதர் குருசடியில் முடிகிறது. குருசடி என்றால் பெரிய கோயில் இல்லை. நாலு பேர் நின்றால் நிறைந்துபோகும் சின்ன மண்டபம், உள்ளே தொடையில் புண்ணோடு நிற்கும் ஆரோக்கியநாதர், அவர் காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஒரு நாய், வெளியே கொடிமரம், கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல மணி. மணிக்கு எதிரே எங்கள் வீடு. இந்தத் தெருவில் மெதுவாகப் பேசுகிற வழக்கம் கிடையாது. கடலுக்குப் போகிற ஆம்பளைகள் அலைக்கு மேலே கத்திப் பழகியவர்கள், கரையில் இருக்கிற நாங்கள் அந்த ஆம்பளைகளுக்கு மேலே கத்திப் பழகியவர்கள், எங்களுக்கு மேலே மாவு மில். இங்கே எல்லோருடைய குரலும் ஒன்றாகத் தாழ்கிற சமயம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

என்னைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தார்கள். "சாஃப்ட்லி, எமிலி, சாஃப்ட்லி" என்று சிஸ்டர் எவாஞ்சலின் சொல்லிச் சொல்லியே ரிட்டையர் ஆனார். என் குரல் ரிட்டையர் ஆகவில்லை. கொல்லைப்படியில் உட்கார்ந்து நான் பேசினால் பாலத்தில் நிற்கிறவனுக்குத் தெளிவாகக் கேட்கும், அதிலும் அவனைப் பற்றி நான் பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும். நகை நட்டு எல்லாம் மகள் கல்யாணத்தோடு போய்விட்டது. எனக்கென்று மிஞ்சியது அந்தக் குரல், அப்புறம் ஒரு நாய்.

நாயின் பெயர் மக்ரூன். பேக்கரியில் வாங்கிக்கொண்டு வந்த மக்ரூன் பொட்டலத்தை என் புருஷன் தொபியாஸ் வாசலிலேயே கீழே போட்டார், அந்த வெள்ளைத் தூளை நக்கிக்கொண்டு வந்த குட்டி அப்படியே உள்ளே வந்துவிட்டது, நிறமும் அதே நிறம். அதை நான் கொஞ்சியதே இல்லை. காலையில் கதவைத் திறக்கும்போதே "சவத்து மூதி, வழியில படுக்காதேன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்று தொடங்கினால், மீன் ஆயும்போது, துணி காயப்போடும்போது, ஜெபமாலை சொல்லும்போது அருள்நிறைந்த மரியேக்கும் சர்வேசுரனுடைய மாதாவேக்கும் நடுவிலேகூட அதைத் திட்டிக்கொண்டேதான் இருப்பேன். அது என் காலடியிலேயே கிடக்கும். நான் திட்டத் திட்ட அதன் கண் சொருகும்.

வீட்டுக்கு டைல்ஸ் போட்டதிலிருந்து வந்தது வினை. மண்ணில் ஓடுகிற நாய்க்கு நகம் தானாகத் தேயும், வழவழத் தரையில் கிடக்கிற நாய்க்கு எங்கே தேயும்? டிக் டிக் என்று நடந்த நாய் டக் டக் என்று நடந்து, பிறகு வழுக்கி வழுக்கி நடந்து, ஒருநாள் நொண்டியது. முன்னங்காலின் பக்கவாட்டில் கட்டைவிரல் மாதிரித் தனியாக நிற்குமே ஒரு நகம், அது தரையைத் தொடாமலே வளர்ந்து, அரிவாள் மாதிரி வளைந்து, சதையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "இத வெட்டலேன்னா உள்ள குத்திச் சீழ் பிடிச்சிரும்மா, அப்புறம் காலுக்கே ஆபத்து" என்று சொல்லி, கம்பவுண்டரை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

கம்பவுண்டர் அவசரக்காரர். தொபியாஸ் தலையைப் பிடிக்க, கர்வாலோ அண்ணன் இடுப்பைப் பிடிக்க, ஆளுக்கொரு காலாகத் தெருவே வந்து பிடிக்க, கம்பவுண்டர் அந்த வளைந்த நகத்தைக் கடைசிக்கு வைத்துவிட்டு, முன்காலில் நடுநகத்தை ஒரே வெட்டாக வெட்டினார். நாய் நகத்துக்கு உள்ளே பாதி தூரம்வரை உயிருள்ள சதை ஓடுகிறது. அவர் அதோடு சேர்த்து வெட்டிவிட்டார். ரத்தம் பீய்ச்சியது. மக்ரூன் ஊளையிட வாயைத் திறந்தது.

ஊளை வரவில்லை.

வாய் திறந்திருக்கிறது, தொண்டை துடிக்கிறது, சத்தம் வரவில்லை. வராத அந்த ஊளை நாயின் வாயிலிருந்து இறங்கித் தரையில் பரவி, வாசற்படி தாண்டி, தெருவில் இறங்கி, மில்லுக்குள் நுழைந்து, பாலம்வரை போய் நின்றது. கம்பவுண்டர் வாயசைத்தது கேட்கவில்லை. அவருடைய பெட்டி கீழே விழுந்தது கேட்கவில்லை. அவர் ஓடியதும் கேட்கவில்லை. நான் அவரைத் திட்டினேன், பரம்பரையைச் சேர்த்துத் திட்டினேன், கேட்கவில்லை.

முதல் நாள் எல்லோரும் காதைக் குடைந்துகொண்டார்கள். இரண்டாம் நாள் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்! பாலத்தைத் தாண்டினால் வழக்கம்போல் கேட்டது, ஆகவே போன் பேச வேண்டியவர்கள் பாலத்துக்கு நடந்தார்கள், சண்டை போட வேண்டியவர்களும் பாலத்துக்கு நடந்தார்கள். மாமியாரும் மருமகளும் முகத்தை இறுக்கிக்கொண்டு ஜோடியாகப் பாலம்வரை நடந்து, அங்கே நின்று வேண்டியமட்டும் கத்திவிட்டு, மறுபடி ஜோடியாகத் திரும்பி வந்து சமைத்தார்கள். தொட்டில் பிள்ளையின் கால் விரலில் நூலைக் கட்டி மறுமுனையைத் தாயின் வளையலில் கட்டிவிட்டார்கள், பிள்ளை அழுது உதைத்தால் வளையல் இழுபடும். மீன்காரி கூடையில் சிவப்புத் துணி கட்டி வந்தால் பாறை மீன், மஞ்சள் துணி கட்டி வந்தால் சாளை. சண்முகக்கனி மில் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல், மெஷினில் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றாள். குக்கரை விசில் எண்ணி இறக்கியவர்கள் ஆவியை எண்ணி இறக்கினார்கள், தெரு முழுக்கச் சோறு குழைந்தது. தொபியாஸ் அந்த மாதம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் கல்யாணத்து அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை.

பழகாதவர்கள் இரண்டு பேர். ஒன்று மக்ரூன். அது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது, காலை யார் பார்த்தாலும் காலை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னொன்று நான்.

கர்வாலோ அண்ணன் துறைமுகத்தில் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவர், தெருவுக்கு அவரே தன்னைத் தலைவராக வைத்துக்கொண்டவர். அவர் எல்லோரையும் பாலத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "நாய்க்குப் பயம். பயத்த அன்பாலதான் போக்கணும். நாளைக்கு எல்லாரும் அன்பா இருக்கோம்."

இருந்தார்கள். அதைப் போல ஒரு கூத்தை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து நாயைக் கிடத்தினார்கள். சுற்றிலும் உட்கார்ந்தார்கள். நுனிக்காலில் நடந்தார்கள், சத்தமே கேட்காத வீட்டில் நுனிக்காலில்! உதட்டை மெல்ல மெல்ல அசைத்துப் பேசினார்கள். ஒருத்தர் தலையைத் தடவ, ஒருத்தர் காலைத் தடவ, குருசடியில் மணியடித்து ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் அந்தோணிப்பிச்சை தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றிவைத்துவிட்டு முழந்தாளில் நிற்க, சண்முகக்கனி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனால் நாய் வாயில் பால் ஊற்றினாள். தெருவே செய்கிறது என்று நானும் போய் உட்கார்ந்து, என் வாழ்நாளில் முதல்முறையாக அந்த நாயைப் பார்த்துச் சிரித்தேன்.

மக்ரூன் என் சிரிப்பைப் பார்த்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கி, பாயை நனைத்து, தொபியாஸைக் கீழே தள்ளிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது. அதே நிமிஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை ரேடியோ ஊமையாகிவிட்டது. சத்தமின்மை பாலத்தைத் தாண்டிவிட்டது.

இனிமேல் சண்டை போடுவதற்குப் பஸ் ஸ்டாண்டுவரை நடக்க வேண்டும். அதற்குமேல் யாருக்கும் பொறுமை இல்லை. பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் உறுமுவதற்கு நடுவே கர்வாலோ அண்ணன் தீர்ப்பு மாதிரிச் சொன்னார்:

"சனிக்கிழம குருசடியில கொடியேத்தம். பங்குச்சாமியார் வாராரு. மணிச்சத்தம் இல்லாம இந்தத் தெருவுல கொடி ஏறுனதே கிடையாது. அன்னைக்குச் சத்தம் வந்திருந்தாச் சரி, வரலேன்னா நாயக் கொண்டுபோய் உப்பளத்துல விட்டுருவோம். அது போனா இந்த ஊமைக்கூத்தும் அதோட போயிரும்."

"உப்பளத்துலயா? கால்ல புண்ணோட உப்புல நடக்கச் சொல்லுதீங்களோ?"

"தெருவுக்காகச் சொல்லுதேன் எமிலி. எனக்கு மட்டும் ஆசையா?"

"ஆசை இல்லாமத்தான் சாக்குப்பை எல்லாம் ரெடியா வச்சிருக்கீயளாக்கும்."

அவர் கையிலிருந்த சாக்குப்பையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். தொபியாஸ் என் முழங்கையைத் தொட்டு, "ஏ எமிலி, விடு பிள்ள, நாலு பேரு சொல்லுதாங்க" என்றார்.

"நாலு பேரும் சனிக்கிழம வரைக்கும் என் வீட்டுப் படிய மிதிக்கப்படாது. நீங்களும் சேத்துத்தான்."

அவரை அந்த வாரம் முழுக்கத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அது என் மாமியார் கிடந்த கட்டில். அடியில் இரண்டு கண். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உறைத்த வேகத்தில் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். முதலில் சொன்னேனே, எங்கள் தெருவில் எல்லோருடைய குரலும் ஒன்றாகத் தாழ்கிற சமயம் ஒன்றே ஒன்று உண்டு என்று, அது சாவு. ஆள் போகிற நேரத்தில்தான் நாங்கள் நுனிக்காலில் நடப்போம், சுற்றி உட்கார்ந்து கையைக் காலைத் தடவுவோம், தலைமாட்டில் மெழுகுதிரி ஏற்றுவோம், ஸ்பூனால் வாயில் பால் ஊற்றுவோம், ஜென்ம விரோதிகூட வந்து சிரித்த முகம் காட்டிவிட்டுப் போவாள். என் மாமியார் போனபோது மக்ரூன் இந்தக் கட்டிலுக்கடியில்தான் படுத்திருந்தது, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. எல்லோரும் அன்பாக இருந்தார்கள், பால் ஊற்றினார்கள், பிறகு அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை. இப்போது அதே தெரு, அதே மெழுகுதிரி, அதே ஸ்பூன். போதாததற்கு நான் வேறு சிரித்துத் தொலைத்தேன்.

நாயைச் சொல்வானேன்? சிஸ்டர் எவாஞ்சலின் வகுப்பில் கத்திக்கொண்டிருக்கும்வரை எங்களுக்குப் பயமே கிடையாது. அவர் குரல் தேன் மாதிரி இறங்கி, "கம் ஹியர், மை சைல்ட்" என்று வந்தால்தான் பிரம்பு மேஜைக்குள்ளிருந்து வெளியே வருகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் நான் செய்தது இவ்வளவுதான்: ஒன்றுமே நடக்காத மாதிரி வாழ்ந்தேன். மஞ்சள் துணிக் கூடையில் சாளை வாங்கினேன். கொல்லைப்படியில் அரிவாள்மணையைப் போட்டேன். பக்கத்தில் சட்டி, சாம்பல், செதில் தேய்க்கிற கத்தி, அதோடு நாய்க்கென்று வாங்கிய நகவெட்டி, அதுவும் சமையல் சாமான்தான் என்கிற மாதிரி. பிறகு வாயைத் திறந்து திட்டத் தொடங்கினேன். சத்தம் வரவில்லை. வராவிட்டால் என்ன? வாய் என் வாய், கை என் கை, புருவம் என் புருவம். இந்தத் தெருவையும் கம்பவுண்டரையும் சாளையில் ஐஸ் போட்டு விற்கிறவளையும் கட்டிலுக்கடியில் கிடக்கிற சவத்து மூதியையும் வரிசையாக எடுத்து, ஒரு சொல் குறையாமல், கேட்காத குரலில் திட்டிக்கொண்டே மீன் ஆய்ந்தேன்.

சாளை பாதி முடிவதற்குள் கொல்லைக் கதவோரம் ஒரு மூக்கு தெரிந்தது. என் வாய் அசைவதை அது பார்த்தது. புருவம் ஏறி இறங்குவதைப் பார்த்தது. கத்தியை நீட்டி நான் காற்றை மிரட்டுவதைப் பார்த்தது. உலகம் சரியாகத்தான் இருக்கிறது என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும். நொண்டிக்கொண்டு வந்து, பெருமூச்சு விட்டு, என் காலடியில் விழுந்தது.

அன்றைக்கு நான் நகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டுகிற வேகத்தில் கை பட்ட மாதிரி அதன் காலைத் தொட்டேன், எடுத்துவிட்டேன், சாம்பல் படாத வெறுங்கையால் அவித்த மீன்துண்டு ஒன்றைப் போட்டேன். மறுபடி திட்டினேன், மறுபடி தொட்டேன், பாதத்தை விரல்களுக்குள் ஒரு பிடி பிடித்துவிட்டேன், மறுபடி மீன். அடுத்த நாள் நகவெட்டியை எடுத்து விளக்குமாற்று ஈர்க்கை அதன் மூக்குக்கு முன்னால் வெட்டிக் காட்டினேன். மோந்து பார்த்தது. நகவெட்டியை நகத்தில் வெறுமனே வைத்து எடுத்தேன். காலை இழுத்துக்கொண்டது. சரி போ என்று விட்டுவிட்டேன். பொறுமை என்ற சொல்லையே எனக்குப் பிடிக்காது. ஆனால் மீன் ஆய்கிறவளுக்கு வேறொரு வேலையும் நடுவில் நடந்தால் நடக்கட்டுமே, அதற்குப் பெயர் பொறுமையா என்ன?

மூன்றாம் நாள் தொபியாஸின் அக்காளைப் பற்றி நான் நீளமாகப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், மக்ரூன் கண் சொருகிய நேரத்தில், பின்காலில் ஒரு நகத்தின் நுனியை, வெறும் நுனியை, ஓர் அரிசி அளவு வெட்டினேன். அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மதிலில் காகம் கத்தியது.

தெருவில் கதவுகள் திறந்தன. எல்லோரும் அந்தக் காகத்தையே அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு இட்லி வைத்தார்கள். அது தின்றுவிட்டு மறுபடி கத்தியது, சண்முகக்கனி கைகூப்பினாள். நான் இன்னொரு நகம் வெட்டினேன், ஆடிக்காற்றின் சத்தம் வந்தது; ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த மாதிரி எல்லாத் தகரமும் ஒரே சமயத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டன. இப்படித்தான் ஒரு நகத்துக்கு ஒரு சத்தம் திரும்பியது. எந்த நகத்துக்கு எந்தச் சத்தம் என்பது எனக்கும் தெரியாது, நாய்க்கும் தெரியாது. ஆனால் தெரு சும்மா இருக்குமா? பால்காரர் செம்பு நிறையப் பாலை வைத்துவிட்டு, சைக்கிள் மணி வரட்டும் என்று கையால் காட்டினார். டீக்கடைக்காரர் வடை கொண்டுவந்து ரேடியோ மாதிரி காதைத் திருகிக் காட்டினார். எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றார்கள், படியை மிதிக்க யாருக்கும் தைரியம் இல்லை. வடையை நான் தின்றேன், அடுத்ததாக வந்தது செருப்புச் சத்தம்.

மில் சத்தம் வந்த அன்றைக்குச் சண்முகக்கனி மெஷினில் வைத்த கையை எடுக்காமலே அழுதாள். குக்கர் விசில் வந்தது, தெரு உதிரியாய்ச் சோறு தின்றது. வெள்ளிக்கிழமை ஒரு நகத்துக்கு மனிதக் குரல்கள் மொத்தமாக வந்தன, அப்பப்பா, பாலத்திலிருந்து குருசடிவரை ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள், ஒருத்தர் பேசியது ஒருத்தருக்குக் கேட்கவில்லை, வழக்கம்போல் ஆகிவிட்டது. தொட்டில் பிள்ளையின் கால் நூலை அறுத்தார்கள்.

என் குரல் மட்டும் வரவில்லை.

வேலிக்கு வெளியே கர்வாலோ அண்ணன் நின்று, "எமிலி, ஏதாச்சும் சொல்லு பாப்போம்" என்றார். நான் சொன்னேன். கேட்கவில்லை. கேட்காதது அவருடைய நல்ல காலம். அவர் சிரித்துக்கொண்டு, "இப்படியே இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். கேட்ட ஆம்பளைகள் எல்லோரும் சிரித்தார்கள். சண்முகக்கனி மட்டும், "அந்த அக்கா வாயால வந்த சத்தத்துலதான் இப்ப நீங்க சிரிக்கீங்க, ஞாபகம் வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை விடிந்தபோது மிச்சம் இருந்தது இரண்டு சத்தம்: மணி, நான். மிச்சம் இருந்தது ஒரே நகம்: அந்த வளைந்த நகம். கறுப்பு நகம் வேறு, உள்ளே சதை எதுவரை ஓடுகிறது என்று வெளியே தெரியாது. அதன் முனை தோலைத் தொட்டுவிட்டது. அந்த இடத்தில் கை வைத்தாலே மக்ரூன் காலை இழுத்துக்கொண்டது. நான் அதை வற்புறுத்தவில்லை, காலையிலும் இல்லை, மத்தியானமும் இல்லை.

மாலையில் குருசடி முன்னால் தெருவே கூடிவிட்டது. பங்குச்சாமியார் வந்துவிட்டார். கொடியை மந்திரித்துக் கயிற்றில் கட்டியாயிற்று. உபதேசியார் மணிக்கயிற்றைத் தொங்கித் தொங்கி இழுத்தார். மணி ஆடியது, நாக்கு அடித்தது, புறாக்கள் பறந்தன, சத்தம் இல்லை. கர்வாலோ அண்ணன் என் வாசலைப் பார்த்தார். அவர் கையில் சாக்குப்பை.

நான் சட்டியையும் அரிவாள்மணையையும் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தேன். கொடியேற்றத்து அன்றைக்குச் சாமியார் முன்னால் மீன் ஆய்கிறாளே என்று பொம்பளைகள் வாயில் கை வைத்தார்கள். மக்ரூன் நொண்டி வந்து என் காலடியில் விழுந்தது. அத்தனை கூட்டத்தைப் பார்த்து அதன் காது விறைத்தது. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. சாளையைப் பார்த்துத் தொடங்கினேன், அங்கிருந்து கர்வாலோ அண்ணனிடம் போனேன், அவருடைய பென்ஷன், அவருடைய தொப்பை, அவருடைய அன்பு, ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தியை ஆட்டி ஆட்டிப் பேசினேன். நாயின் காது இறங்கியது. கண் சொருகியது. கையைத் துடைத்துக்கொண்டு அதன் பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தேன், இழுக்கவில்லை. வாயை நிறுத்தாமல் நகவெட்டியை எடுத்தேன். தோலைத் தொடும் அந்த முனையிலிருந்து கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், விட்டு வெட்டினேன்.

கறுப்புத் துணுக்கு ஒன்று சட்டியில் விழுந்தது. விழுந்ததோடு, நான் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் நடுவிலிருந்து கேட்கத் தொடங்கியது:

"...காலடியில நாய வச்சுக்கிட்டுல நிக்காரு! புண்ணு நக்கிவிட்ட நாயி! ரொட்டி கொண்டாந்து குடுத்த நாயி! அவருக்குக் கொடி ஏத்துறதுக்கு இந்த நாயச் சாக்குல கட்டிக் கொண்டு போறதுக்கு வந்து நிக்கீங்களா, வெக்கம்கெட்ட மூதிகளா! எதுக்குல கயித்தப் பிடிச்சுக்கிட்டு மசமசன்னு நிக்க? கொடியத் தூக்கு!"

ஒரு மாதம் அடைத்துக் கிடந்த குரல். குருசடிக் கண்ணாடி அதிர்ந்தது என்றார்கள், பாலத்துக்கு அப்பால் டீக்கடையில் கிளாஸ் உடைந்தது என்றார்கள், துறைமுகத்தில் நின்ற கப்பலில் ஒருத்தன் தொப்பியைக் கழற்றினான் என்றுகூடச் சொன்னார்கள். கொடிக்கயிற்றைப் பிடித்திருந்த ஆள் பயந்துபோய் இழுத்தான். கொடி ஏறியது. ஒரே மூச்சில், எங்கும் சிக்காமல், உச்சிக்குப் போய் ஆடிக்காற்றில் விரிந்து படபடவென்று அடித்தது.

கர்வாலோ அண்ணன் தொண்டையைச் செருமினார். "கொடி ஏறிருச்சு, சரி. ஆனா மணி..."

"மணிக்கு என்ன அண்ணே?"

"மணிச்சத்தம் வரலேல்லா? பேச்சு அப்படித்தானே?"

உபதேசியார் அந்தோணிப்பிச்சை மணிக்கயிற்றைக் கையிலிருந்து விட்டார். முப்பது வருஷமாக அந்தக் கயிற்றில் தொங்கித் தோள்பட்டை இறங்கிப்போன மனுஷன். "நீங்க சத்தம்னுதான் சொன்னீங்க. இதவிட என்ன மணி வேணும்?" என்றார்.

பங்குச்சாமியார் சிரித்தார். சாமியார் சிரித்த பிறகு தெரு சிரித்தது. கர்வாலோ அண்ணன் சாக்குப்பையை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார், கடைசியில் கைக்குட்டை மாதிரி அதால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சி வீட்டிலிருந்து நேராகக் கொடியேற்றத்துக்கு வந்திருந்த தொபியாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எம் பொஞ்சாதியாக்கும்" என்றார். மக்ரூன் எழுந்து உடம்பை உதறி, நாலு காலையும் ஊன்றி நடந்துபோய்க் கொடிமரத்தில் காலைத் தூக்கியது. சாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணிச்சத்தம் அதற்குப் பிறகும் வரவில்லை. ஏன் என்று தெரு ரொம்ப நாள் யோசித்தது, எனக்கு அன்றைக்கே தெரியும். பயத்தில் திமிறின நாயைப் பிடித்துவைத்துக் கம்பவுண்டர் வெட்டினாரே முதல் நகம், மணி அதற்குரியது. பயத்தில் வெட்டின நகத்துக்குச் சத்தம் திரும்புமா? இன்றைக்கும் குருசடியில் எது நடந்தாலும், கொடியேற்றமோ கல்யாணமோ, உபதேசியார் என் வாசலுக்கு வந்து மரியாதையாக நின்று, "எமிலியம்மா, நேரமாச்சு" என்பார். நான் கையைக் கழுவிக்கொண்டு போய் மணிக்குக் கீழே நின்று, அன்றைக்கு யாரைப் பேச வேண்டுமோ அவர்களைப் பேசிவிட்டு வருவேன். பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்துகூடக் கேட்டு வருகிறார்கள். அந்தச் சமயத்தில் தங்கள் பெயர் வந்துவிடக் கூடாது என்று தெருவில் பாதிப்பேர் ஒழுங்காக இருக்கிறார்கள். சிஸ்டர் எவாஞ்சலின் உயிரோடு இருந்தால் வந்து கேட்கட்டும்.

மக்ரூனின் நகங்களை இப்போதெல்லாம் சாளை ஆயும் நாள்களில் ஒன்றிரண்டாக வெட்டிவிடுகிறேன், அது பாதத்தைத் தானாகவே நீட்டுகிறது. அந்தக் கம்பவுண்டர் வெட்டின நடுநகம்கூட நன்றாக வளர்ந்துவிட்டது. நுனியில் ஒரு வெட்டு, பயமில்லாமல் ஒரே ஒரு வெட்டு, மணி திரும்பிவிடும். உபதேசியாருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன், அவர் அந்த நகத்தைப் பார்ப்பார், தோளைத் தடவிக்கொள்வார், ஒன்றும் கேட்கமாட்டார். அதை மட்டும் நான் வெட்டுவதில்லை. நீளும்போதெல்லாம் துவைகல்லின் ஓரத்தில் லேசாகத் தேய்த்துவிடுகிறேன், நாய்க்கும் சுகமாக இருக்கிறது. மணி வரும்போது வரட்டும். எனக்கென்ன அவசரம்?